இன்னாரின் மனைவிக்கு ஓட்டு இல்லை

இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்தது. அதற்காகத் தயாரான வாக்காளர் பட்டியலில் 17 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவ்வளவு பெரிய பட்டியலை உலகம் அதுவரை கண்டதில்லை. பெண்களும் ஆண்களும் ஒரே நாளில் சமமாக ஓட்டுரிமை பெற்ற நாடு நம்முடையது என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அதில் உண்மை இருக்கிறது. அதே பட்டியலைப் பற்றி அதிகம் பேசப்படாத இன்னொரு கணக்கும் உண்டு. பட்டியலுக்கு வரவேண்டிய சுமார் எட்டுக் கோடிப் பெண்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேரின் பதிவுகள் அடித்து நீக்கப்பட்டன. அவர்கள் வயது வராதவர்களோ வெளிநாட்டவர்களோ அல்லர். கதவைத் தட்டிய கணக்கெடுப்பாளரிடம் அவர்களுடைய பெயர் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான் காரணம். ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’, ‘இன்னாரின் தாய்’ என்றே அவர்கள் எழுதப்பட்டிருந்தார்கள். பெண்களின் வாக்குரிமை வரலாற்றை நாம் வழக்கமாகச் சட்டம் வந்த ஆண்டுகளைக் கொண்டு எண்ணுகிறோம்: நியூசிலாந்து 1893, பிரிட்டன் 1918, அமெரிக்கா 1920, இந்தியா 1950. அந்த 28 லட்சம் பேரை மனதில் வைத்துப் பார்த்தால், சட்டம் வந்த தேதியைவிட வேறு இரண்டு கேள்விகளே முக்கியம் என்று எனக்குப் படுகிறது. வாக்காளர் பட்டியலில் ஒரு பெண் யாராக எழுதப்படுகிறாள்? அவளைத் தேடிவந்து எழுதவேண்டிய பொறுப்பு யாருடையது?

முதல் கேள்வி இந்தியாவில் எழுந்த இடம் சென்னை. 1917 மே மாதம் அடையாற்றில் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு இறுதியில் இந்தியாவுக்கான மந்திரி மான்டேகு அரசியல் சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்டுச் சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் தூதுக்குழு அவரைச் சந்தித்தது. ஓட்டுரிமைக்கு எந்தத் தகுதி வைத்தாலும் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்பதே அவர்களுடைய கோரிக்கை. அடுத்து ஓட்டுரிமையை ஆராய வந்த சவுத்பரோ குழு, இந்தியச் சமூகம் இதற்கு இன்னும் பக்குவப்படவில்லை என்று கூறி மறுத்துவிட்டது. 1919இல் சரோஜினி நாயுடுவும் பெசன்டும், பம்பாயிலிருந்து போன ஹீராபாய் டாடாவும் அவர் மகள் மிதனும் லண்டனில் இந்தக் கோரிக்கையை எடுத்துச் சொன்னார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ‘உண்டு’ என்றும் சொல்லவில்லை, ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை. முடிவை மாகாண சட்டசபைகளிடம் தள்ளிவிட்டது. பெண்களுக்கு எதிரானது என்று அன்னியர் சொன்ன இந்தியச் சமூகம் அதற்குக் கொடுத்த பதில் கவனிக்கத்தக்கது. நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த சென்னை சட்டசபை 1921இல் பெண் என்ற தடையை நீக்கித் தீர்மானம் போட்டது. பம்பாயும் அதே ஆண்டில் பின்தொடர்ந்தது. வங்காளம் முதலில் மறுத்து, 1925இல் இணங்கியது. 1920களின் இறுதிக்குள் எல்லா மாகாணங்களும் வழிக்கு வந்துவிட்டன.

ஆனால் 1921இல் நீங்கியது ஒரு தடை மட்டுமே. ஓட்டுப் போட நிலவரியோ வீட்டு வரியோ வருமான வரியோ கட்டுகிறவராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருந்தது. காகிதத்தில் இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான நிபந்தனை. வீட்டுக்குள் வந்து பார்த்தால் கதை வேறு. பட்டா அப்பா பெயரில் இருக்கும், பிறகு அண்ணன் பெயருக்கோ கணவன் பெயருக்கோ மாறும். அந்த நிலத்தில் நாற்று நட்டவளும் களை பறித்தவளும் வரி ரசீதில் எங்குமே வரமாட்டாள். இந்துப் பெண்களுக்குக் கணவன் சொத்தில் ஓரளவாவது உரிமை தந்த சட்டம் 1937இல்தான் வந்தது, மகளுக்கு வாரிசுரிமை தந்தது 1956இல். ஆகவே சொத்தை அளவுகோலாக வைத்த எந்தப் பட்டியலும், ‘பெண்’ என்ற சொல்லையே உச்சரிக்காமல் பெண்களை வெளியே நிறுத்திவிடும். இந்த ஏற்பாட்டுக்குள்ளும் சில கதவுகள் திறந்தன. 1926இல் பெண்கள் வேட்பாளராக நிற்கலாம் என்றானதும், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாய போட்டியிட்டுக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத் தலைவரும் ஆனார். அவையில் ஒரு பெண் தலைமை இருக்கையில் அமர முடிந்த காலத்தில், அவளைப் போன்ற பெரும்பாலான பெண்களுக்கு அந்த அவைக்கு ஆள் அனுப்பும் ஓட்டு இல்லை.

சொத்து அளவுகோல் பெண்களை வெளியே நிறுத்துகிறது என்பதை ஆங்கில அரசும் ஒருவழியாக ஒப்புக்கொண்டது. அதற்கு அது கண்ட தீர்வுதான் இந்த வரலாற்றிலேயே மிகவும் சிந்திக்கவேண்டிய பகுதி. 1932இல் லோதியன் குழு பரிந்துரைத்து, 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் இடம்பெற்ற ஏற்பாடு இது: சொத்து இல்லாவிட்டாலும், சொத்துத் தகுதி உள்ள ஆணின் மனைவிக்கு ஓட்டு உண்டு. எழுத்தறிவு உள்ள பெண்களுக்கும் தனி வழி இருந்தது. இவற்றால் பெண் வாக்காளர்கள் ஏறக்குறைய 60 லட்சமாக உயர்ந்தார்கள். அது ஆண் வாக்காளர்களின் எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கு. முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் பெரிய பாய்ச்சல். ஆனாலும் பெண்கள் அமைப்புகள் இதை ஏற்கவில்லை. 1933இல் லண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் முன் மூன்று பெரிய பெண்கள் அமைப்புகளின் சார்பில் முத்துலட்சுமி ரெட்டியும் ராஜ்குமாரி அம்ரித் கௌரும் பேகம் ஹமீத் அலியும் சாட்சியம் சொன்னார்கள். கல்யாணத்தை ஓட்டுக்கு அளவுகோலாக்குவதை அந்த அமைப்புகள் எதிர்த்தன. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பதே அவற்றின் நிலை. மனைவி என்ற வழியில் கிடைக்கும் ஓட்டில் விதவைக்கும், மணமாகாதவளுக்கும், சொத்தில்லாதவனைக் கட்டியவளுக்கும் இடமில்லை என்பது எவருக்கும் விளங்கும். அதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. ஓட்டு அவள் கைக்கு வந்தாலும் அதற்கான தகுதி இன்னொருவருடையதாகவே இருந்தது. சில மாகாணங்களில், இந்த வழியில் ஓட்டுப் பெறும் பெண் தானே விண்ணப்பித்தால்தான் பட்டியலில் சேர்ப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத, பர்தாவுக்குள் இருக்கும் பெண் விண்ணப்பம் கொண்டுவர வேண்டும் என்பது, வரவேண்டாம் என்று சொல்வதற்கு ஒப்பானது.

இதற்கு எதிர்வாதம் அப்போதே இருந்தது, அதைச் சொன்னவர் லேசானவரும் அல்லர். திருச்செங்கோட்டுக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த ராதாபாய் சுப்பராயன் முதல் வட்டமேசை மாநாட்டிலும் லோதியன் குழுவிலும் இடம்பெற்றவர். எல்லோருக்கும் ஓட்டு என்ற இலக்கை அவர் மறுக்கவில்லை. அது வரும்வரை பெண்கள் சும்மா காத்திருப்பதா, கிடைக்கிற வழியில் உள்ளே போய்ப் பழகுவதா என்பதே அவருடைய கவலை. நடைமுறை என்ற அளவில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். 60 லட்சம் பெண்களுக்கு ஓட்டு வந்ததும், 1937இல் பெண்கள் மாகாண அவைகளுக்குள் நுழைந்ததும் அந்த வழியால்தான். ஆனால் வேறு வழியே இல்லை என்ற வாதத்தைப் பாக் நீரிணைக்கு அப்பால் நடந்தது உடைத்துவிட்டது. 1931இலேயே இலங்கையில், டொனமூர் சீர்திருத்தத்தின்படி, 21 வயதான ஆணும் பெண்ணும் சொத்துத் தகுதி இல்லாமல் ஓட்டுப் பெற்றார்கள். டொனமூர் ஆணையம் பெண்களுக்கு 30 வயது என்றுதான் முதலில் பரிந்துரைத்தது. அதுவும் 21ஆகக் குறைக்கப்பட்டது. அதே பேரரசு, அதே அதிகாரி வர்க்கம். அங்கே முடிந்தது இங்கே முடியாது என்பதற்கு இந்தியாவின் பரப்பளவைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியவில்லை.

நம் நாட்டுப் பெண்களுக்கு ஓட்டு போராடாமலே கிடைத்தது, மேல்நாட்டுப் பெண்களைப் போல அவர்கள் சிறை போகவில்லை, உண்ணாவிரதம் இருக்கவில்லை என்று பலர் சொல்வதுண்டு. லண்டன் தெருக்களில் நடந்தது இங்கே நடக்கவில்லை என்பது சரி. அதனால் இது தானமாக வந்தது என்று ஆகிவிடாது. 1917 முதல் 1933 வரை குழுவுக்குக் குழு, அவைக்கு அவை, கடல் கடந்தும் போய்ச் சலிக்காமல் கேட்டவர்கள் அவர்கள். மோதிலால் நேரு அறிக்கையும் 1931இன் காங்கிரஸ் கராச்சித் தீர்மானமும் வயது வந்தோர் வாக்குரிமையைத் தங்கள் வாக்குறுதியாக எழுதிக்கொண்டதன் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. இன்னொரு குற்றச்சாட்டு, இவர்கள் எல்லாம் படித்த, வசதியான வீட்டுப் பெண்கள் என்பது. ஆம், அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் சொத்தோ படிப்போ கணவரின் தகுதியோ, எந்த அளவுகோலை வைத்தாலும் தங்களுக்கு ஓட்டு நிச்சயம் என்ற நிலையில் இருந்தவர்கள், அந்த அளவுகோல்கள் எதுவும் வேண்டாம், வயது ஒன்று போதும் என்று கேட்டார்கள். தன் வர்க்கத்துக்கு லாபமானதை விட்டுவிட்டுக் கூலிக்காரப் பெண்ணுக்கும் சேர்த்துக் கேட்ட கோரிக்கையை, கேட்டவரின் பிறப்பை வைத்துத் தள்ளிவிடுவது நியாயமில்லை.

இனி இரண்டாவது கேள்வி. பட்டியலில் சேர்க்கும் பொறுப்பு யாருடையது? ஓர் உரிமை நிற்பதும் விழுவதும் இதில்தான் இருக்கிறது என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 1920இல் அங்கே அரசியல் சட்டத் திருத்தம் வந்து, பால் அடிப்படையில் ஓட்டை மறுக்கக்கூடாது என்றானது. ஆனால் வாக்காளராகப் பதிவு செய்துகொள்வது குடிமகனின் சொந்தப் பாடு. தென் மாநிலங்களில் ஒரு கறுப்பினப் பெண் பதிவு அலுவலகத்துக்குப் போனால் எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும் மிரட்டலும் காத்திருந்தன. 1962 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தின் இண்டியனோலா என்ற ஊருக்கு, பருத்தித் தோட்டத்தில் வேலை செய்துவந்த ஃபேனி லூ ஹேமர் பதிவு செய்யப் போனார். அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார்கள். எழுத முடியவில்லை. திரும்பி வந்ததும் தோட்ட முதலாளி, மனுவைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய் என்றார். அவர் வெளியேறினார். சட்டம் வந்து 42 ஆண்டுகள் ஆன பிறகு நடந்தது இது. 1965இன் வாக்குரிமைச் சட்டம் மத்திய அரசின் ஆட்களைப் பதிவு வேலைக்கு அனுப்ப வழிசெய்த பிறகே நிலைமை மாறியது. பட்டியலை வைத்திருப்பவர் நினைத்தால் கொடுத்த உரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் இலங்கையின் மலையகத் தமிழர்களைப் பட்டியலிலிருந்து வெளியேற்றியபோது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்களுக்கு முன்பு இருந்த ஓட்டும் போயிற்று.

சுதந்திர இந்தியா இந்தச் சுமையை அரசின் தோளில் ஏற்றியது. நாம் போதுமான அளவுக்குக் கொண்டாடாத சாதனை அது. அரசியல் சட்டம் எழுதி முடிக்கப்படுவதற்கு முன்பே, 1948இல், அரசியல் நிர்ணய சபையின் செயலகம் வயது வந்த அனைவரையும் வீடு வீடாகப் போய் எழுதும்படி மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் சொல்லிவிட்டது. பிரிவினையின் ரத்தம் காயாத நேரம், லட்சக்கணக்கான அகதிகள் முகாம்களில். 1951 கணக்கெடுப்பின்படி பெண்களில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. யாரும் மனு எழுதிக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியதில்லை, அரசு ஊழியர் உன் வாசலுக்கு வருவார் என்ற ஏற்பாடு இல்லாமல் அந்தப் பெண்கள் வாக்காளர்களாகியிருக்க முடியாது. அப்படி வந்தவர் கேட்ட முதல் கேள்விதான் முட்டுக்கட்டையாக நின்றது. உன் பெயர் என்ன? நம்மூரில் கணவன் பெயரை வாய்விட்டுச் சொல்லாத பழக்கம் நமக்குத் தெரியும். வடக்கே பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் ஆகிய இடங்களில் பெண் தன் பெயரையே அன்னிய ஆணிடம் சொல்வது வழக்கத்தில் இல்லை. வீட்டு ஆண்களும் சொல்வதில்லை. பெண்களின் பெயரைக் கேட்டு எழுதுவது நடக்காத காரியம் என்பது ஆங்கிலேய அதிகாரிகள் முன்பு சொல்லிவந்த சாக்குகளில் ஒன்று. இப்போது அது நிஜமான சங்கடமாக வந்து நின்றது. கணக்கெடுப்பாளர்கள் பலரும் ‘இன்னாரின் மனைவி’ என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதை ஏற்கவில்லை. பெயர் இல்லாத பதிவு பதிவே அல்ல என்று ஆணையம் உத்தரவிட்டது. பெயர் சேர்க்கச் சில இடங்களில் கூடுதல் அவகாசமும் தந்தது. அப்படியும் 28 லட்சம் பேர் போய்விட்டார்கள். இது கொடுமை அல்லவா என்று கேட்கலாம். பெயரை மறைத்தது குடும்பம், தண்டனை அந்தப் பெண்ணுக்கு. ‘இன்னாரின் மனைவி’ என்றே ஓட்டுப் போட விட்டிருந்தால் அந்த ஒரு தேர்தலாவது அவளுக்குக் கிடைத்திருக்குமே. இந்த ஆட்சேபம் வலுவானது, அந்தப் பெண்களின் இழப்பை எந்தச் சமாதானமும் ஈடுசெய்யாது. ஆனாலும் ஆணையத்தின் முடிவு சரி என்பதே என் கருத்து. நடைமுறைக் காரணம் ஒன்று: பெயரில்லாத பதிவில் யார் வந்து ஓட்டுப் போட்டாலும் சரிபார்க்க வழியில்லை, கள்ள ஓட்டுக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. அதைவிடப் பெரிய காரணம், அப்படி எழுதியிருந்தால் 1935இன் மனைவி ஓட்டு கொல்லைப்புற வழியாகத் திரும்ப வந்திருக்கும். அரசியல் சட்டத்தின் 326ஆவது பிரிவு ஓட்டைத் தருவது குடிமகனுக்கு, குடும்பத்துக்கு அல்ல. அதே ஆணையம் பெண்கள் வந்து ஓட்டுப் போடவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாட்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மொத்தம் இருந்த சுமார் 1,96,000 வாக்குச் சாவடிகளில் 27,000க்கும் மேற்பட்டவை பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன. பர்தாவுக்கு ஏற்றபடி சாவடியை மாற்ற ஆணையம் தயாராக இருந்தது. பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தக் கண்டிப்பு வீண்போகவில்லை. 1957இல் அடுத்த தேர்தல் வந்தபோது பெண்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் பெயரோடு பட்டியலில் இருந்தார்கள்.

பெயர் வந்துவிட்டால் போதுமா, கணவன் சொல்கிற சின்னத்தில்தானே குத்துவாள் என்பது இன்றைக்கும் டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை கேட்கிற பேச்சு. ஜாதித் தலைவர் சொன்னபடி, முதலாளி சொன்னபடி ஓட்டுப் போடுகிற ஆண்கள் எத்தனையோ பேர். அதற்காக ஆணின் ஓட்டை யாரும் சந்தேகிப்பதில்லை. பெண்களின் ஓட்டை அரசியல் எப்படிப் பார்க்கிறது என்பதற்குப் பீகாரையே பார்க்கலாம், 1951இல் பெயர் சொல்லாதவர்கள் மிகுந்த பகுதிகளில் அதுவும் ஒன்று என்பதால். 2010 சட்டமன்றத் தேர்தலில் அங்கே ஆண்களில் 51 சதவீதம் பேர் ஓட்டுப் போட, பெண்களில் 54 சதவீதத்துக்கும் மேல் போட்டார்கள். 2015இல் பெண்கள் 60 சதவீதத்தைத் தாண்டினார்கள், ஆண்கள் 53 சதவீதத்தில் நின்றார்கள். ஆண்கள் பிழைப்புக்கு வெளியூர் போயிருப்பதால் அவர்களின் விகிதம் குறைந்து தெரிகிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். பெண்கள் கேட்ட மதுவிலக்கு அந்தத் தேர்தலில் வாக்குறுதியானது, 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். வீட்டு ஆணின் சொல்லைக் கேட்டு மட்டுமே பெண்கள் ஓட்டுப் போட்டிருந்தால் அப்படி ஒரு வாக்குறுதியைக் கொடுக்க எந்தக் கட்சிக்கும் தேவை வந்திருக்காது. நாடு முழுவதும் 1962இல் ஆண்களில் 63 சதவீதமும் பெண்களில் 47 சதவீதத்துக்குக் குறைவாகவும் ஓட்டுப் போட்டார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் பெண்கள் ஆண்களை மயிரிழையில் முந்திவிட்டார்கள்.

சாவடிக்கு வருவதில் இடைவெளி போய்விட்டது. பட்டியலில் இன்னும் போகவில்லை. 2024 மக்களவைத் தேர்தல் பட்டியலில் 1,000 ஆண்களுக்கு 946 பெண்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என்பதால் இந்தக் குறை நம் கண்ணில் படுவதில்லை. தேர்தல் ஆய்வாளர்கள் பிரணாய் ராயும் தோராப் சோப்பாரிவாலாவும் 2019இல் போட்ட மதிப்பீட்டின்படி, வயது வந்தும் பட்டியலில் இல்லாத பெண்கள் இரண்டு கோடிக்கும் மேல். பெயரைச் சொல்ல மறுப்பதல்ல இப்போதைய சிக்கல், கல்யாணம். பதினெட்டு வயதில் பிறந்த வீட்டு முகவரியில் பதிவு செய்வானேன், எப்படியும் வேறு ஊருக்குப் போகிறவள்தானே என்று அப்பா விட்டுவிடுகிறார். புகுந்த வீட்டாரும் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பெயர் மாறும்வரை காத்திருக்கிறார்கள். முகவரி மாற்றத்துக்கான படிவத்தை நிரப்பவேண்டியவள் அவள்தான். திருமணத்துக்காக ஊர் மாறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், இந்தச் சுமையும் பெரும்பாலும் அவர்கள்மேல்தான் விழுகிறது. சட்டம் இதைச் சிறிது சிறிதாகவே திருத்திக்கொள்கிறது. ராணுவத்தில் இருப்பவரின் மனைவி கணவனோடு சேர்ந்து பணிசார் வாக்காளராகப் பதிவு செய்யலாம், பெண் அதிகாரியின் கணவருக்கு அந்த வழி இல்லை என்ற விதியில், ‘மனைவி’ என்றிருந்ததை வாழ்க்கைத்துணை என்று மாற்றியது 2021இன் திருத்தம். அதே திருத்தம் ஆண்டுக்கு ஒரு தகுதித் தேதி என்றிருந்ததை நான்காக்கியது. அதனால் ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு பதினெட்டு முடிகிற பெண்களில் பெரும்பாலோர் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதில்லை. திருமணப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு, 1948இல் அரசு செய்ததைப் போல, புகுந்த வீட்டு வாசலுக்கே வந்து அவள் பெயரைக் கேட்டு எழுதும் வேலையை வாக்குச்சாவடி நிலை அலுவலரின் கடமையாக்குவது அடுத்து செய்யவேண்டியது. அதற்கு அரசியல் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை, ஆணையத்தின் ஓர் உத்தரவும் போதுமான ஆட்களும் இருந்தால் நடக்கும்.